ஈரக் கையுறையும் வெண்டேலாவின் மெதுவான பாட்டுகளும்

ஹில்டிங் பூர்ஸ்ட்ரோம் தன் ஈரக் கையுறையைக் காயவைத்த இடம் சரியில்லாமல் போனதால், ஓர்விக் ஊரில் அந்த ஆண்டு ஜூலை மாதம் செப்டம்பர் நடுப்பகுதி வரை நீடித்தது. உருளைக்கிழங்கு பிறந்த குழந்தை அளவுக்குப் பருத்தது. கொசுக்கள் பறப்பதை மறந்து காற்றில் தொங்கின. பெண்கள் அவற்றைக் காட்டுப் பழம் பறிப்பதுபோல இரண்டு விரலால் பறித்து வாளியில் போட்டார்கள். வெளியூரில் ஜனங்கள் கம்பளிச் சட்டையைத் தேடிக்கொண்டிருந்தபோது ஓர்விக் பிள்ளைகள் கடலை விட்டு ஏறவில்லை. இதில் யாருக்கும் பெரிய வியப்பு இல்லை. வடக்கில் கோடை என்பது கோட்டைக் கழற்றாமல் வாசலிலேயே நின்று பேசிவிட்டுப் போகிற விருந்தாளி. இந்தத் தடவை உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டது, அவ்வளவுதான் என்றார்கள்.

ஹில்டிங் பழைய பால்பண்ணைக் கட்டடத்தின் பின்னறையில் இசைத்தட்டு நிறுவனம் நடத்தினான். நிறுவனம் என்றால் ஒலிப்பதிவு இயந்திரம் ஒன்று, அடுப்பு ஒன்று, பாடகி ஒருத்தி. பாடகியின் பெயர் வெண்டேலா ஸ்டேன்வால். பகலில் அவள் பல் மருத்துவரிடம் உதவியாளராக இருந்தாள். அதனால் ஊரில் பாதிப் பேருக்கு அவளைத் தெருவில் கண்டாலும் வாய் தானாகத் திறந்துகொள்ளும். சாயங்காலங்களில் ஜாஸ் பாடினாள். சொந்தமாக ஒரு பாட்டும் எழுதியதில்லை. வானொலியில் தேய்ந்துபோன பாட்டு, கோடை நடன மேடைகளில் வியர்க்க வியர்க்க ஆடுகிற பாட்டு, கடைக்காரர்கள் காசு கொடுத்து எழுதவைத்த விளம்பரப் பாட்டு, இவற்றை எடுத்து, பழைய கோட்டைப் பிரித்துத் தைப்பதுபோல வேறாக்கிப் பாடுவாள். பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே பின்னல் போடுவாள். முதல் தொகுப்பின் ஒலிப்பதிவுக்கு முந்திய கிறிஸ்துமஸில் கம்பளிக் கையுறைகள் பின்னி எல்லோருக்கும் கொடுத்தாள். பாஸ் வாசிக்கும் டோர்வால்டுக்கு ஒரு ஜோடி, டிரம்காரனுக்கு ஒரு ஜோடி, ஹில்டிங்குக்கு ஒரு ஜோடி. எல்லோருக்கும் கொடுத்ததால் ஹில்டிங்குக்குக் கொடுத்ததற்கு ஏதாவது அர்த்தம் உண்டா என்று சொல்ல முடியாமல் போனது. அவனுக்கு அதுவே முதல் தலைவலி.

பிப்ரவரியில், மூக்கு நுனி மரத்துப்போகும் குளிரில், தட்டு அச்சடிக்கும் ஆலைக்கு அனுப்புவதற்காக ஹில்டிங் ஒலிநாடாவைப் பிரதி எடுத்தான். ஈரமாயிருந்த கையுறையை, அந்த ஊரில் எவரும் செய்வதுபோல, கண்ணில் பட்ட சூடான பொருளின் மேல் வைத்தான். அது இயந்திரம். வைத்துவிட்டு இலவங்கப்பட்டை ரொட்டி வாங்கப் போனான். கையுறையின் கட்டைவிரல் சரிந்து, சுற்றும் சக்கரத்தை லேசாகத் தொட்டுக்கொண்டே இருந்தது. திரும்பி வந்தபோது வெண்டேலாவின் குரல் வேகம் குறைந்து கிணற்றுக்குள் இறங்கிவிட்டிருந்தது. தன் காதில்தான் பனி அடைத்துவிட்டதென்று நினைத்து, ரொட்டியைத் தின்றுவிட்டு, நாடாவைத் தபாலில் சேர்த்தான்.

தட்டு மே மாதம் வந்தது. ‘சமையலறை வெளிச்சம்’ என்று பெயர். அதில் ‘சனிக்கிழமை பஸ்ஸில் என் ஆள் வருவான்’ என்ற பாட்டு இருந்தது. நாடு முழுக்கக் குதித்துக் குதித்து ஆடிய பாட்டு. வெண்டேலாவின் தட்டில் பஸ் வரவில்லை. மூன்றாவது சரணத்துக்குள் பஸ் நிறுத்தத்தையே யாரோ கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். கொத்துக்கறி அடைத்த சாசேஜுக்கான விளம்பரப் பாட்டைக் கேட்டு இரண்டு கசாப்புக்காரர்கள் அழுதார்கள். தெற்கே, பஸ் பாட்டை எழுதிய ஆள் தட்டைக் கேட்டுவிட்டுக் காரை எடுத்துக்கொண்டு, பல வருஷமாகப் பேச்சில்லாத தன் அண்ணன் வீட்டுக்குப் போனானாம். இருவரும் காபி குடித்தார்கள். பேசவில்லை. ஆனால் போனான். ஸ்டாக்ஹோம் பத்திரிகையில் ஒரு விமர்சகர், வேலியைப் பனி மூடுவதுபோல இந்தப் பெண் பாட்டை மூடுகிறார், மூடிய பிறகுதான் வேலியின் உருவம் தெரிகிறது என்று எழுதினார். ஹில்டிங் அதைக் கழிவறையில் உட்கார்ந்து படித்து, ‘மூடியது கையுறை ஐயா’ என்று தனக்குள் சொல்லிக் காது சிவந்தான். ஆனால் டோர்வால்ட் தன் அக்கார்டியன் வாசிப்பைப் பதிந்து, அதே கையுறையை வைத்துப் பிரதி எடுத்துப் பார்த்தான். கன்று போடும் மாடுபோலக் கேட்டது, வேறொன்றும் ஆகவில்லை. ஆகவே கையுறையின் பங்கும் உண்டு, வெண்டேலாவின் பங்கும் உண்டு என்று ஊர் முடிவு செய்தது.

தட்டு கேட்கும் தூரம் வரை பொழுது மெதுவாக நகர்ந்தது. முதலில் கண்டுபிடித்தது அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கத் தலைவி அஸ்தா. ‘ஞாயிறு மதியம் தட்டுப் போட்டவர் யார்? நான் வைத்த முட்டை செவ்வாய்க்கிழமைதான் வெந்தது’ என்று பொதுச் சலவை அறைக் கதவில் எழுதி ஒட்டினாள். ஜூலை பிறந்ததும் ஜன்னல்கள் திறந்தன, எல்லா ஜன்னலிலும் வெண்டேலா பாடினாள், கோடை நகராமல் நின்றது. பகலில் பஸ் ஓட்டும் டோர்வால்ட், வெளியூரிலிருந்து செப்டம்பர் மாதச் செய்தித்தாளையும் சளியையும் கொண்டுவந்து ஓர்விக்கின் ஜூலைக்குள் இறங்கினான். எதிர்ப்பும் இருந்தது. ஆகஸ்ட் மூன்றாம் வியாழன் வந்தால்தான் புளித்த மீன் டப்பாவைத் திறக்கலாம் என்பது வழக்கம். வியாழன் வரவே இல்லை. கிழவர்களின் மடியில் டப்பாக்கள் உப்பிப் பந்துபோல் உருண்டன. கடைசியில் கூட்டம் போட்டு, காபி குடித்து, யாரையும் புண்படுத்தாத தீர்மானம் ஒன்றை எழுதினார்கள். சலவை அறையில் துணி துவைக்க முறை வைப்பதுபோலத் தட்டுப் போடவும் முறை வைத்தார்கள். நவம்பரில் சிலர் வேகத்தைக் கூட்டிப் போட்டு இருட்டை விரட்டப் பார்த்தார்கள். வெண்டேலா அணில்போலக் கிரீச்சிட்டாள். இருட்டு அசையவில்லை.

வெண்டேலாவுக்குக் கையுறை விஷயம் முதல் நாளே தெரியும். தட்டைக் கேட்டுவிட்டு நேராகப் பால்பண்ணைக்கு வந்தாள். இயந்திரத்தின் மேலிருந்த கையுறையை எடுத்துப் பார்த்தாள், முகர்ந்தாள், அதே இடத்தில் வைத்தாள். “அப்படியா,” என்றாள். போய்விட்டாள். அந்த ‘அப்படியா’வுக்குப் பொருள் தேடி ஹில்டிங் வருஷக்கணக்கில் அலைந்தான். உலகத்துப் பாட்டுக்கெல்லாம் அவள் விளக்கம் சொன்னாள். அவள் சொன்ன ஒரு சொல்லுக்கு விளக்கம் சொல்ல நாட்டில் ஆள் இல்லை. பிறகும் அவள் கோபம் காட்டவில்லை, சந்தோஷமும் காட்டவில்லை. அதே கையுறையை வைத்தே இரண்டாவது தொகுப்பு, மூன்றாவது தொகுப்பு என்று வந்துகொண்டிருந்தன. மேடையிலும் தட்டில் உள்ளபடியே மெதுவாகப் பாடப் பழகினாள். ரசிகர்கள் மூன்று வேளைக்கு ரொட்டி கட்டிக்கொண்டு உள்ளே போவார்கள், வெளியே வரும்போது பனி உருகியிருக்கும். ஹில்டிங் என்ன கேட்டாலும் ‘பார்க்கலாம்’, ‘அதுவும் ஒரு பக்கம்’, ‘ம்’ என்பதே பதில்.

“அவளுக்கு என்மேல கோபம்டா,” என்பான் ஹில்டிங், பஸ்ஸின் முன் இருக்கையில் உட்கார்ந்து.

“கோபம்னா உனக்கு இல்லைன்னு சொல்ல அவளுக்கு வாய் வலிக்குமா? என்னிக்காவது இல்லைன்னு சொன்னாளா?” என்பான் டோர்வால்ட்.

“ஆமான்னும் சொல்லலையே.”

“ஆமான்னு அவ எப்படிடா சொல்லுவா? நீ அந்த வருஷம் சர்ச்சுக்கு வரலையா?”

இதைச் சொல்லித்தான் ஆகவேண்டும். அந்தக் கரையோரத்தில் ஆமாம் என்பதற்குச் சொல் கிடையாது. கொதிக்கும் காபியை அவசரமாக உறிஞ்சியவர்போல ‘ஷ்ஷுப்’ என்று காற்றை உள்ளே இழுப்பார்கள், அதுதான் ஆமாம். வெண்டேலாவுக்கு நுரையீரல் பெரிது. பதினைந்து வயதில், சர்ச்சில் விசுவாச உறுதி எடுக்கும் நாளன்று, நம்புகிறாயா மகளே என்று பாதிரியார் கேட்டபோது அவள் ஊர் வழக்கப்படி ஆமாம் சொன்னாள். மெழுகுவர்த்திகள் எல்லாம் அணைந்தன. பாதிரியாரின் வெள்ளைக் கழுத்துப்பட்டி முதல் வரிசைக்கு வந்து சேர்ந்தது. பாட்டுப் புத்தகங்கள் காக்கைக் கூட்டம்போல எழுந்து உட்கார்ந்தன. அன்றிலிருந்து அவள் எதற்கும் நேரான பதில் சொல்வதை விட்டுவிட்டாள். பாடும்போது வரிகளுக்கு நடுவே மூச்சு எடுக்கும் இடங்களில்கூட முன்வரிசைக்காரர்கள் நாற்காலியைப் பிடித்துக்கொள்வார்கள். விவரம் தெரிந்தவர்கள் பின்வரிசைக்கே சீட்டு வாங்கினார்கள். ஹில்டிங்குக்கு இந்தக் கதை தெரியாமலில்லை. ஆனால் தன் விஷயத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இருக்கலாம் என்று நினைக்கும் துணிச்சல் அவனுக்கு இல்லை.

பதினோராவது வருஷம் கையுறையின் கட்டைவிரலில் ஓட்டை விழுந்தது. சக்கரம் ஓட்டைக்குள் புகுந்து தன்பாட்டுக்குச் சுற்றியது. புதிய தொகுப்பில் வெண்டேலா எல்லாப் பாடகிகளையும்போலப் பாடினாள். சோதனைக்கு ஒலிக்கவிட்டபோது முட்டை, முட்டை வேகும் நேரத்திலேயே வெந்தது. அதே வாரம் ஸ்டாக்ஹோமிலிருந்து பெரிய கம்பெனிக்காரர் ஒருவர் வெண்டேலாவுக்குத் தொலைபேசியில் பேசினார். எங்களிடம் அசல் இயந்திரம் இருக்கிறது, வேகத்தைக் குமிழ் திருப்பியே குறைக்கலாம், கம்பளி வேண்டாம், வந்துவிடுங்கள் என்றார். பார்க்கலாம் என்றாள் வெண்டேலா. அவர் தெற்கத்திக்காரர், அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டு ரயில் இருக்கைக்கே ஏற்பாடு செய்துவிட்டார்.

மறுநாள் மதியம் ஹில்டிங் ஓட்டைக் கையுறையைக் கையில் பிடித்துக்கொண்டு அவள் வீட்டுச் சமையலறையில் போய் நின்றான். ஜூலை. ஜன்னல் திறந்திருந்தது. பக்கத்து வீட்டு ஜன்னலில் அஸ்தாவின் முறை நடந்துகொண்டிருந்தது: பழைய ‘சமையலறை வெளிச்சம்’, சனிக்கிழமை பஸ் பாட்டு.

“கிழிஞ்சிருச்சு,” என்றான் ஹில்டிங்.

“தெரியுது.”

“புதுசா ஒண்ணு பின்னித் தர முடியுமா?”

“நூல் இருக்கான்னு பார்க்கணும்.” கோப்பையில் காபி ஊற்றினாள். காபி சாவகாசமாக இறங்கியது.

“ஸ்டாக்ஹோமுக்குப் போறியாமே?”

“அப்படி ஒரு பேச்சு இருக்கு.”

ஹில்டிங் நாற்காலியில் உட்கார்ந்தான். உட்கார்ந்து முடிக்கவே இரண்டு சரணம் ஆனது. “வெண்டேலா, நான் கெட்டிக்காரன் இல்லை. ஒரு கையுறையைக் காயவைக்கத் தெரியாதவன். அன்னிக்கு நீ ‘அப்படியா’ன்னு சொன்னே. அதை வெச்சுக்கிட்டு நான் பதினோரு வருஷம் தூங்கலை. உன் பாட்டைக் கெடுத்துட்டேன்னு கோபமா? ரயிலேறப் போறியா? இல்லே... இங்கேயே, என்கூட, இருந்துடறியா? சுத்தி வளைக்காம ஒரு பதில் சொல்லேன். இல்லைன்னாலும் சரி. இல்லைன்னு சொன்னா எதுவும் பறக்காது.”

“மூணு கேள்வி கேட்டிருக்கே,” என்றாள் வெண்டேலா. “எதுக்குப் பதில் வேணும்?”

“கடைசிக்கு.”

அவள் எழுந்தாள். கண்ணாடிப் பாத்திரங்கள் இருந்த அலமாரியைச் சாத்திக் கொக்கி போட்டாள். காபிக் கெண்டியைத் தொட்டிக்குள் வைத்தாள். பூனையைத் தூக்கி அடுத்த அறையில் விட்டுக் கதவடைத்தாள். ஹில்டிங் ஒவ்வொன்றையும் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் முகத்தில் விவரம் தட்டுப்படத் தொடங்கியது.

“நாற்காலியை நல்லாப் பிடிச்சுக்கோ,” என்றாள். சுவரில் சாய்ந்து நின்று காற்றை உள்ளே இழுத்தாள்.

பக்கத்து வீட்டில் தட்டு ஓடிக்கொண்டிருந்ததால் அது மெல்லத்தான் வந்தது. முதலில் திரைச்சீலையின் ஓரம் எழுந்தது. சர்க்கரைக் கட்டிகள் கிண்ணத்திலிருந்து ஒவ்வொன்றாக இறங்கி மேஜைமேல் வரிசையாக நடந்தன. ஓட்டைக் கையுறை ஹில்டிங்கின் மடியிலிருந்து எழும்பி, விரல்களை அசைத்துக்கொண்டு அந்தரத்தில் மிதந்தது. கொல்லையில் காய்ந்த அஸ்தாவின் படுக்கை விரிப்புகள் ஜன்னல் வழியே பணிவாகத் தலைகுனிந்து நுழைந்தன. தெருவில் பஸ் வீட்டுப்பக்கமாக லேசாகச் சாய்ந்து நின்றது. டோர்வால்ட் கண்ணாடியை இறக்கித் தொப்பியை ஒரு கையால் அழுத்திக்கொண்டான்.

“அஸ்தாக்கா, சொல்லிட்டாளா?”

“சொல்லிக்கிட்டிருக்கா. இன்னும் முடியலை,” என்றாள் அஸ்தா, ஜன்னலில் சாய்ந்து கடைசி விரிப்பின் நுனியைப் பிடித்துக்கொண்டு. “வேடிக்கை பார்க்காம இதோட அந்த முனையைப் பிடி. இப்பத்தான் துவைச்சேன். திரும்ப என் முறை வர ரெண்டு வாரம் ஆகும்.”

டோர்வால்ட் இறங்கிப் போய்ப் பிடித்தான். உள்ளே, ஹில்டிங் பூர்ஸ்ட்ரோம் உட்கார்ந்திருந்த நாற்காலி நான்கு காலும் தரையில் உரச, அவனையும் சுமந்துகொண்டு, சர்க்கரைக் கட்டிகளுக்குப் பின்னால், அவசரமில்லாமல் சமையலறையைக் கடந்து வெண்டேலாவை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. அவன் எதையும் பிடித்துக்கொள்ளவில்லை.