உம்மாவின் குரல் போன வழி

தென்காசியில் பஸ் ஏறியதிலிருந்தே முன் சீட்டுப் பெண்ணின் செல்போன் சத்தம் இத்ரீஸுக்கு இடைஞ்சலாகத்தான் இருந்தது. ஒரு சமையல், ஒரு சிரிப்பு, பாதியில் ஒரு பாட்டு என்று விரலால் தள்ளிக்கொண்டே வந்தாள். வாப்பாவுக்கான மதியச் சாப்பாட்டைத் தூக்குச்சட்டியில் மடிமேல் வைத்துக்கொண்டு, சன்னல் வழியாக அடிக்கிற சாரலுக்கு முகத்தைக் கொடுத்தபடி அவன் உட்கார்ந்திருந்தான். பஸ் மேலகரம் தாண்டும்போது அந்தப் போனுக்குள்ளிருந்து அவனுடைய உம்மா பேசினாள்.

“சாரல் விழ ஆரம்பிச்சதுலேர்ந்து உங்க வாப்பாக்கு ஒண்ணும் நெனப்புல நிக்க மாட்டுக்குய்யா. காலைல சொன்னத மத்தியானம் கேட்டா, நீ எப்பச் சொன்னங்குதாரு. எனக்குப் பயமா இருக்கு…”

பின்னால் ஒரு வயலின் இழுத்து இழுத்து அழுதது. இத்ரீஸ் எட்டிப் பார்த்தான். செம்மண் நிறத்தில் வெள்ளம் கொட்டுகிற அருவிப் படம். அதன்மேல் கொட்டை எழுத்தில் ‘குற்றாலத்துத் தாயின் கதறல்! உங்களை நனைப்பது மழையா?’ என்று எழுதியிருந்தது.

“பாத்தீயளா?” என்று அந்தப் பெண் பக்கத்திலிருந்த புருஷனை இடித்தாள். “ஊர்க்காரியே அழுதுக்கிட்டுச் சொல்லுதா. அது மழையே இல்லையாம். மலைக்கு அங்கிட்டு இருந்து என்னத்தையோ தூவுதானுவளாம். நனைஞ்சா புத்தி மறந்து போகுமாம். பிள்ளைய அருவில நனைக்க வேண்டாம்.”

“எட்டி, நீ கொழம்புக்கு உப்புப் போட மறக்கியே, அது எந்தச் சாரல்ல நனைஞ்சு?”

“எல்லாத்துக்கும் வெளையாட்டு. திரும்பிருவோங்கேன்.”

அவள் அழவில்லை, சளி பிடித்திருந்தது, அவள் என் உம்மா. இத்ரீஸுக்கு இதைச் சொல்ல வாய் வரைக்கும் வந்துவிட்டது. சொன்னால் அடுத்த கேள்வி, அது எப்படி இங்கே வந்தது என்பதாக இருக்கும். இத்ரீஸ் சன்னலைச் சாத்திவிட்டுக் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தான். சாரலைத் துடைத்தானா, வியர்வையைத் துடைத்தானா என்று அவனுக்கே தெரியவில்லை.

உம்மா ஹைருன் பீவி கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவனிடம்கூட நேரே பேச மாட்டாள். கதவுக்குப் பின்னால் நின்று, மகள் ஹஃப்சாவின் காதில் சொல்லி, அவள் வாயால் கேட்கவைப்பாள். வேற்று ஆம்பிளை காதில் தன் குரல் விழக்கூடாது என்பது அவள் பழக்கம். குற்றாலத்தில் சீசனுக்குச் சீசன் வாப்பா பழக்கடை போடுகிறார். இத்தனை வருஷத்தில் அந்தக் கடைப்பக்கம் அவள் எட்டிப் பார்த்ததில்லை. அப்படிப்பட்டவள் மனம்விட்டுப் பேசியது மகனுக்கு அனுப்புகிற வாட்ஸப் வாய்ஸில் மட்டும்தான். ஷார்ஜாவில் குளிர்க்கிடங்கு வேலை முடிந்து அறைக்கு வந்ததும், போர்வைக்குள் போனைக் காதோடு ஒட்டிவைத்துக்கொண்டு அதைக் கேட்பான். பக்கத்து வீட்டு ஆடு செடியைத் தின்றது, ஹஃப்சா பரீட்சை எழுதியது, புளி விலை ஏறியது எல்லாம் அதில் வரும். அது இல்லாவிட்டால் அவனுக்கு அங்கே தூக்கம் கிடையாது. தன் குரல் ஊர் பஸ்ஸில் ஓடுகிறது என்று தெரிந்தால் உம்மா இனி வாயே திறக்க மாட்டாள்.

எப்படி இங்கே வந்தது என்றால், அவன்தான் கொடுத்தான்.

ஊர் நினைப்பில் ஒருநாள் குற்றாலம் என்று யூடியூபில் தேடினான். அருவி வீடியோக்களுக்கு நடுவே ‘சாரல் ரகசியம்’ என்ற சேனல் வந்தது. பைத்தியக்காரத்தனம் என்று சிரித்தான். சிரித்துக்கொண்டே முழுவதும் பார்த்தான். அடுத்த நாள் அதே மாதிரி நாலைந்து வந்தன. ஒன்றின் கீழே ‘நான் தென்காசிக்காரன், இதெல்லாம் நடக்குமா?’ என்று கேட்டு வைத்தான். அதற்குப் பதில் வந்த வேகம்தான் அவனை விழத்தட்டியது. உண்மை அண்ணன் என்ற பெயரில் ஒருவர் எழுதியிருந்தார். ‘தம்பி, உங்களை மாதிரி மண்ணின் மைந்தர்களைத்தான் தேடிக்கொண்டிருக்கிறோம். இங்கே பேச முடியாது, அழித்துவிடுவார்கள். டெலிகிராமுக்கு வாருங்கள்.’

போனான். அங்கே எல்லோரும் அவனைத் தம்பி என்றார்கள். சாப்பிட்டாயா என்று கேட்டார்கள். அறையில் யாரும் அப்படிக் கேட்டதில்லை. பிறகு உண்மை அண்ணன் கேட்டார்: ‘உங்கள் வீட்டில் பெரியவர்கள் யாருக்காவது சமீபத்தில் ஞாபகமறதி உண்டா?’ அன்றைக்குத்தான் உம்மாவின் அந்த வாய்ஸ் வந்திருந்தது. பயந்துபோனான். இதைக் கேட்டுவிட்டுச் சொல்லுங்கண்ணே, இது அதுதானா என்று அந்த வாய்ஸை அப்படியே அவருக்கு அனுப்பிவிட்டான். ஒரு ஆளிடம் கேட்ட கேள்வி அது. பதில் வரவில்லை. லீவு கிடைத்தது, இன்று காலை வாப்பா கடைக்குப் போன பிறகுதான் ஊருக்கு வந்து சேர்ந்தான், வந்து பார்த்தால் பஸ்ஸுக்குள் உம்மா.

குற்றாலத்தில் இறங்கியபோது சாரல் பொடிப்பொடியாக விழுந்துகொண்டிருந்தது. கடைவரிசையில் சீசனுக்குரிய நெரிசல் இல்லை. வாப்பா ஆதம், தலையையும் காதையும் சேர்த்துத் துண்டால் இறுக்கிக் கட்டிக்கொண்டு, மங்குஸ்தானை அடுக்கிக்கொண்டிருந்தவர், மகனைக் கண்டதும் எழுந்து வந்து அணைத்துக்கொண்டார். பக்கத்துக் கடையில் மிளகாய் பஜ்ஜி போடுகிற முப்பிடாதி, எண்ணெயைக் காயவிட்டுவிட்டுப் போனைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

“வாய்யா ஷார்ஜா. வந்த வேளையப் பாத்தியா? எவளோ ஒருத்தி வாயத் தொறந்துட்டா, பாதிக் கூட்டம் மதுரையிலயே திரும்பிருச்சு. அவ மட்டும் என் கையில கெடச்சா, இந்தச் சட்டியிலயே முக்கி எடுத்திருவேன்.”

“யாருக்கா அது?” என்று கேட்டான்.

“யாருக்குத் தெரியும்? வாப்பாங்குதா, உங்க ஆளுவதான். பாய், நீரு கேட்டுச் சொல்லும், எந்தத் தெருக்காரின்னு.”

அவள் போனை வாப்பாவின் முகத்துக்கு நேரே நீட்டினாள். உம்மா பேசினாள், வயலின் அழுதது. வாப்பாவுக்குக் காது மந்தம்தான். ஆனால் போன வருஷம் ஷார்ஜாவிலிருந்து நல்ல மிஷின் ஒன்று வாங்கி அனுப்பியிருந்தான். துண்டுக்குள்ளே அது இருக்கும். வாப்பா கண்ணைச் சுருக்கித் திரையைப் பார்த்துவிட்டு, தலையை ஆட்டிச் சிரித்தார்.

“நல்லாத்தான் பாடுதா.”

முப்பிடாதி இத்ரீஸைப் பார்த்தாள். இத்ரீஸ் தூக்குச்சட்டியைப் பார்த்தான். கூடவே வாழ்ந்த பெண்சாதியின் குரல் ஒரு மனுஷனுக்கு அடையாளம் தெரியாமல் போகுமா? அப்படியானால் உண்மை அண்ணன் சொன்னது… அவனை அறியாமலே சாரலைவிட்டு ஒதுங்கித் தார்ப்பாய்க்கு அடியில் நின்றுகொண்டான். ஒதுங்கிய பிறகு வெட்கமாக இருந்தது. ஆனாலும் வெளியே வரவில்லை.

அங்கே நின்றபடியே போனை எடுத்தான். எழுத்து எழுத்தாகத் தட்டப் பொறுமையில்லை. மைக்கை அமுக்கி, வாயோடு ஒட்டிவைத்துக்கொண்டு பேசினான். பேசியது எழுத்தாக விழுந்தது. ‘அண்ணே அது என் உம்மா, உங்ககிட்ட கேக்கத்தான் அனுப்பினேன், தயவுசெஞ்சு எடுத்திருங்க.’

பதில் உடனே வந்தது. ‘தம்பி, உங்களை யார் மிரட்டுகிறார்கள் என்று எங்களுக்குப் புரிகிறது. தைரியமாக இருங்கள். உங்கள் தாய் இப்போது நம் எல்லோருக்கும் தாய்.’

அவன் தூக்குச்சட்டியைக் கொடுத்துவிட்டுத் திரும்பி பஸ் ஏறுவதற்குள் அடுத்த வீடியோ வந்துவிட்டது. ‘தாயின் மகனுக்கு மிரட்டல்! உண்மையை அழிக்கத் துடிப்பது யார்?’ அவன் எழுதியதையே படமாகப் போட்டிருந்தார்கள். தேடத்தேட உம்மா பல வேஷத்தில் வந்தாள். பேஸ்புக்கில் கோபுரப் படத்துக்குப் பின்னால் பேசினாள். அங்கே வாப்பா என்ற சொல் வருமிடத்தில் மணியோசையைப் போட்டு மூடியிருந்தார்கள். இன்ஸ்டாகிராமில் அவள் பேசி முடித்ததும் ஞாபகசக்தி லேகியம் விற்க ஒருவன் வந்தான். மலையாளத்தில் எழுத்துப் போட்டு, செங்கோட்டைக்கு அந்தப் பக்கத்துக்காரர்களுக்கும் ஒன்று. விவசாயிகளுக்கு ஒன்று, பிள்ளை பெற்ற தாய்மார்களுக்கு ஒன்று. ஒவ்வொன்றின் கடைசியிலும் ஒரே வரி: ‘இதை அழிக்கும்முன் உங்கள் குடும்ப குரூப்பில் பகிருங்கள்.’ எதை நம்பி எதைத் தள்ளுவது என்று அவனுக்குப் பிடிபடவில்லை. பொய் என்று பாதி மனம் சொன்னது. ‘நல்லாத்தான் பாடுதா’ என்ற வாப்பாவின் சிரிப்பு மீதிப் பாதியைப் பிடித்து இழுத்தது.

வீட்டுக்குள் நுழைந்தபோது அந்த வயலின் அவனுக்கு முன்னால் வந்து சேர்ந்திருந்தது. ஹஃப்சா காலேஜ் குரூப்பில் வந்ததென்று போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். உம்மா முருங்கைக்கீரையை உருவிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். ஹஃப்சாவின் முகம் வெளிறிப்போயிருந்தது. உம்மா முகத்தில் இரக்கம்.

“பாவம்லா, எந்த வீட்டுப் பிள்ளையோ,” என்றாள் உம்மா. “உங்க வாப்பா மாதிரியே அவ மாப்பிள்ளையும் போல. ஆனா இப்படியாட்டி ஊரறியப் பேசுவா? சங்கதி இருந்தா வீட்டுக்குள்ள பேசணும். சத்தத்தப் பாரு, கரகரன்னு.”

“உம்மா,” என்றாள் ஹஃப்சா.

“என்னட்டி?”

“அது நீங்கதான்.”

“போட்டீ. என் சத்தம் இப்படியா இருக்கும்?” சிரித்தாள். அவள் அனுப்பிய வாய்ஸை அவளே ஒருநாளும் போட்டுக் கேட்டதில்லை. ஹஃப்சா இன்னொரு தரம் ஓடவிட்டாள். கீரைக்காம்பு உம்மாவின் விரலில் நின்றது. “இது… நான் இத்ரீஸுக்குச் சொன்னதுல்லா?”

இரண்டு பேரும் வாசலில் நின்றவனைப் பார்த்தார்கள். அவன் எல்லாவற்றையும் சொன்னான். முன்னும் பின்னுமாக, உளறி உளறிச் சொன்னான். சொல்லிவிட்டுக் கடைசியில் கேட்டான்:

“உம்மா, வாப்பாக்கு நெசமாவே மறதியா? இன்னைக்கு ஒங்க சத்தம் அவருக்குத் தெரியலையே. நல்லாப் பாடுதாங்காரு.”

“துண்டு கட்டியிருந்தாரா?” என்றாள் ஹஃப்சா.

“ஆமா.”

அவள் எழுந்து அலமாரியைத் திறந்தாள். துணிக்கு அடியிலிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்து அவன் கையில் வைத்தாள். உள்ளே, பஞ்சுக்கு நடுவில், அவன் ஷார்ஜாவில் வாங்கிய காது மிஷின் பத்திரமாக உறங்கியது.

“சாரல்ல நனைஞ்சு கெட்டுப்போயிருமாம். மகன் வாங்கிக் குடுத்ததாம். சீசன் முடியுத வரைக்கும் பொட்டிக்குள்ளதான். காதுல விழாத மனுசனுக்கு எப்படி நெனப்புல நிக்கும்? உம்மா ஒங்கிட்டச் சொல்லலையா?”

“சொன்னேனே,” என்றாள் உம்மா.

சொல்லித்தான் இருந்தாள். உம்மாவுக்கு மைக்கிலிருந்து விரல் வழுக்கும். ஒரு சேதி எப்போதும் மூன்று நான்கு துண்டாகத்தான் வரும். அன்றைக்கு முதல் துண்டோடு பயந்து அதை அனுப்பிவிட்டு, மிச்சத்தை ஆட்டுக் கதையாக இருக்கும் என்று அவன் தள்ளிவைத்திருந்தான். இப்போது தேடி எடுத்துப் போட்டான்.

“…அந்த மிஷின கழத்திப் பொத்திப் பொத்தி வச்சிருதாரு. நீ சொல்லுலே, போட்டுக்கிடச் சொல்லி. வண்டி ஆரன் அடிச்சாக் கேக்காதே, எனக்கு அதான் பயம். ஆமா, நீ சாப்ட்டியா?”

இத்ரீஸ் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். இது போதும் என்று தோன்றியது. “உம்மா, இந்த மிச்சத்தையும் போட்டுட்டா எல்லாவனும் வாய மூடிக்கிடுவான்.”

“மிச்சத்தையுமா?” உம்மா கீரைத்தட்டை நகர்த்தினாள். “பாதியக் கேட்டவனுக்கெல்லாம் முழுசையும் கேக்கக் குடுக்கணுமா? எத்தன ஆம்பளப் பயலுவ கேட்டிருப்பானுவலே?”

தட்டைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்குள் போய்விட்டாள்.

குரலைப் போடாமல் எழுதியாவது பார்க்கலாம் என்று மைக்கை அமுக்கிப் பேசினான். வாப்பாவின் காது, மிஷின், டப்பா எல்லாவற்றையும் விளக்கி ஒவ்வொரு வீடியோவுக்கும் கீழே போட்டான். ‘இவன் கூலிக்கு எழுதுகிறவன்’ என்றான் ஒருவன். இன்னொரு சேனல் அதற்குள், அந்தத் தாயே கிடையாது, கம்ப்யூட்டர் செய்த குரல், நம் இயக்கத்தைக் கேலி செய்ய எதிரிகள் செய்த சதி என்று படம் போட்டிருந்தது. அதன் கீழே உம்மா இருக்கிறாளா இல்லையா என்று முகம் தெரியாதவர்கள் சண்டை போட்டார்கள். உம்மா அடுப்படியில் கடுகு தாளித்துக்கொண்டிருந்தாள்.

முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து அவள் கொஞ்சநேரம் அவனைக் கவனித்தாள்.

“நீ பேசப்பேச எழுத்தா வருதே, அது என்னது?”

“மைக்கும்மா. பேசினா அதுவே எழுதிக்கிடும்.”

“எழுத்துதான் போவுமா? சத்தம் கூடப் போவாதா?”

“போவாதுன்னுதான் நெனைக்கேன்.” எதையும் அடித்துச் சொல்ல அவனுக்கு இப்போது தைரியமில்லை.

“எட்டி ஹஃப்சா, எனக்கும் அதக் காட்டிக் குடு.”

“உம்மா, நீங்க வாய்ஸே அனுப்புங்க. சத்தியமா இனி யாருக்கும் குடுக்க மாட்டேன்.”

“நீ குடுக்க மாட்ட. தெரியும்.” அவள் குரலில் கோபம் இல்லை. அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை. “ஆனா பேச வாயத் தொறந்தா, இனி எனக்கு அந்த வயலின்தான காதுல கேக்கும்?”

உம்மாவும் மகளும் அடுப்படிக்குள் போனார்கள். “பக்கத்துல வச்சுப் பேசுங்க”, “இதையா அமுக்கணும்”, “விரல எடுங்க” என்று கொஞ்சநேரம் சத்தம் வந்தது. பிறகு சுவருக்கு அந்தப் பக்கம் உம்மா மெல்ல, ஒவ்வொரு சொல்லாகப் பேசுவது கேட்டது. அவன் கையிலிருந்த போன் அதிர்ந்தது.

‘இத்ரீஸ் சோறு ஆறுது சாப்பிட வா’

அதற்கு மேலே உம்மா இதுவரை அனுப்பிய வாய்ஸ் எல்லாம் வரிசையாகக் கிடந்தன. எழுத்தில் வந்தது இதுதான் முதல். லீவு முடிந்து அந்த அறைக்குப் போனால் போர்வைக்குள் இதைத்தான் படிக்க வேண்டும்.

“வாரேன்மா,” என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே எழுந்தான்.

“அதுலயே சொல்லுலே,” என்றாள் உம்மா உள்ளேயிருந்து. “வருதான்னு பாப்போம்.”