உப்பு சரியா இருக்கு

“உப்பு பாத்தியாடி?”

“பாத்தேன். சரியா இருக்கு.”

“அவகிட்டயும் இதையேதானே சொன்னே, பாவி!”

அடுக்களையில் எழுந்த சிரிப்பைக் கேட்டு மகள் உள்ளே வந்தாள். அம்மாவை அடக்கம் செய்துவிட்டு இப்போதுதான் எல்லோரும் திரும்பியிருந்தார்கள். சூப் கிளறிக்கொண்டிருந்த இருவரும் சட்டென்று வாயை மூடிக்கொண்டார்கள். அம்மா சமைத்த தொழிற்சாலை கேன்டீனில் அவளோடு வேலை பார்த்தவர்கள். ஒருத்திக்குக் கரண்டி என்று பெயர் வைத்திருந்தாள் அம்மா. தொட்டதற்கெல்லாம் அழும் இன்னொருத்திக்கு வெங்காயம்.

“எதுக்கு அத்தை சிரிச்சீங்க?”

“சொல்லிடு. இனிமே யாருக்காக மறைக்கணும்?” என்றாள் வெங்காயம்.

மார்பில் அறுவை சிகிச்சை முடிந்து மருந்து ஏற்றத் தொடங்கியதும் அம்மாவின் நாக்கு மரத்துப்போயிற்று. எதை வாயில் வைத்தாலும் துருவேறிய இரும்பு. ஆனாலும் அடுப்பை விடமாட்டேன் என்றாள். மருந்து ஏற்றும் நாளில் இவர்களில் ஒருத்தி ஆஸ்பத்திரியில் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள். அம்மா வேலைக்கு வரும் நாளில் ருசி பார்த்துச் சொல்வது கரண்டியின் பொறுப்பு.

“மொத நாளே கை நிறைய அள்ளிப் போட்டுட்டா. போட்டுட்டு என் மூஞ்சியவே பாக்குறா. தலையில கட்டின துணி வேற நழுவிக் கெடக்கு. எனக்கு வாய் வரல. சரியா இருக்குன்னுட்டேன்.”

“அப்புறம் எங்க மாத்துறது? ஃபேக்டரியே குடம் குடமா தண்ணி குடிச்சுது. அந்தச் சிடுமூஞ்சி சூப்பர்வைசர் ரெண்டாந்தடவ கேட்டு வாங்கித் தின்னான்னா பாரேன்!”

வீட்டிலும் அதே கதைதான். அம்மா அந்தப் பக்கம் திரும்பும் நேரம் பார்த்து மகள் தன் கிண்ணத்தில் வெந்நீர் ஊற்றிக்கொள்வாள். அப்பா மட்டும் வைத்ததை வழித்துக் குடித்து, மேலே ஒரு குவளைத் தண்ணீரும் குடித்துவிட்டு எழுந்துபோவார். அவருக்கு ஒன்றும் தெரியவில்லை என்றே அவள் நினைத்திருந்தாள்.

“அம்மாவுக்குத் தெரிஞ்சிருக்குமா அத்தை?”

வெங்காயம் மூக்கை உறிஞ்சினாள். கரண்டி ஒரு கிண்ணத்தில் சூப்பை ஊற்றி நீட்டினாள்.

“மொதல்ல அப்பாகிட்ட கொண்டு போ. காலையிலேருந்து பல்லுல பச்சைத் தண்ணி படல.”

அப்பா சட்டைகூட மாற்றாமல் மேசையருகே உட்கார்ந்திருந்தார். ஒரு வாய் குடித்தார். பழக்கத்தில் கை தண்ணீர்க் குவளைக்குப் போய், தொடாமல் நின்றது. இன்னொரு வாய் குடித்துப் பார்த்தார். பிறகு கிண்ணத்தை மெல்ல மகள் பக்கம் நகர்த்தினார்.

“இன்னும் கொஞ்சம் உப்பு போட்டுக் குடும்மா.”