ஒபியோரா வாத்தியாரின் ஒரே தமிழ் வாக்கியம்

கிளீட்டஸ் ஒபியோரா வாத்தியார் நைஜீரியாவிலிருந்து கேளம்பாக்கத்துக்குப் புறப்பட்டது மகனுடைய பட்டமளிப்பு விழாவைப் பார்க்கத்தான். விசா எடுத்ததும் அதற்காக, புது கோட்டு தைத்ததும் அதற்காக. வந்து இறங்கிய பிறகு கோட்டு பெட்டியை விட்டு வெளியே வரவில்லை. மகன் இகென்னா விழாவுக்குப் போகமாட்டேன் என்று சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தான்.

நடந்தது இதுதான். அவர் கிளம்புவதற்கு முந்தின வாரம், மகாபலிபுரத்தில் குளிக்கப் போன இகென்னாவை அலை உள்ளே இழுத்தது. அவனை அங்கே கொண்டுவந்து விட்ட ஷேர் ஆட்டோக்காரன் மோகன் போட்டிருந்த காக்கிச் சட்டையோடு குதித்தான். இகென்னாவைக் கரைப்பக்கம் தள்ளினான். அடுத்த அலை மோகனைக் கொண்டுபோயிற்று. தினமும் கல்லூரிக்கு ஏற்றிப்போகிற பழக்கத்தில் இகென்னாவை 'மச்சான்' என்று கூப்பிட்டவன். அவர்களுக்குள் இருந்த உறவு அவ்வளவுதான்.

வாத்தியார் சாதாரண ஆளில்லை. அனம்ப்ரா பக்கத்துக் கிராமத்தில் மிஷன் பள்ளித் தலைமை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஞாயிற்றுக்கிழமை பாதிரியார் வராவிட்டால் கோயிலில் ஜெபம் சொல்பவர் அவர்தான். அவருடைய இனமான இக்போ ஜனங்களுக்குள் வயல் வரப்புத் தகராறு என்றாலும், அண்ணன் தம்பி வெட்டுக்குத்து என்றாலும் அவர் முற்றத்துக்குத்தான் வந்தாக வேண்டும். பிரம்பை எப்போதோ கீழே வைத்துவிட்டார், ஆனால் தப்பான இலக்கணத்தைக் கேட்டால் விரல் இன்னும் துடிக்கும்.

ஒரு விஷயத்தில் அவருக்குச் சந்தேகமே கிடையாது. பகையோ பழியோ உள்ள வீட்டு வாசலில் போய் நின்றால், அந்த வீட்டுப் பெரியவர் வாயிலிருந்து முதலில் என்ன வருகிறது என்பதுதான் தீர்ப்பு. இக்போவில் 'ந்நோ' என்பார்கள். ஆங்கிலக்காரன் காதில் மறுப்பாக விழும். அர்த்தம் என்னவோ 'வாருங்கள்' என்பதுதான். அந்த ஒரு சொல் வந்துவிட்டால் மற்றதெல்லாம் பேச்சுவார்த்தை. வராவிட்டால் ஆயிரம் ஜெபம் சொன்னாலும் கதவு சாத்தினது சாத்தினதுதான்.

"மோகனைப் பெற்ற அம்மா உன்னை வா என்று சொல்லவேண்டும். அதுவரைக்கும் நீ இந்தப் போர்வைக்குள்தான் இருப்பாய்" என்றார் மகனிடம்.

"எந்த முகத்தோடு போவேன் அப்பா?"

"முகத்தை நான் எடுத்துக்கொண்டு போகிறேன். நீ கூட வா."

தமிழில் வரவேற்கும் சொல் 'வாங்க' என்பதைக் கடைகளில் கேட்டே பிடித்துவிட்டார். ஆனால் ஒரு தாய் வீட்டுக்குப் போய்விட்டு அவள் பாஷையில் ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் திரும்புவது மரியாதையில்லை என்று பட்டது. எதிர் பிளாட் சகுந்தலா தினமும் வேலைக்குக் கிளம்பும்போது வீட்டுக்குள் பார்த்து ஏதோ சொல்கிறாளே, அது என்ன என்று மகனைக் கேட்டார்.

"போயிட்டு வரேன். இவர்களுடைய 'பை-பை' அதுதான்."

வாத்தியார் சொல் சொல்லாகப் பிரித்துக் கேட்டு அசந்துபோனார். திரும்பி வருவேன் என்று வாக்குக் கொடுக்காமல் யாரும் வாசலைத் தாண்டுவதில்லையா! நல்ல பாஷை என்று தீர்மானித்தார். அன்றிலிருந்து ஜெபமாலையில் பத்துப் பத்து மணியாக உருட்டி முடிக்கும்போதெல்லாம் ஒருமுறை 'போயிட்டு வரேன்' சொல்லிப் பார்த்தார். மாதா பொறுத்துக்கொண்டிருப்பாள்.

மோகனின் சிநேகிதன் கலையரசன் தன் ஆட்டோவிலேயே அவர்களைக் கூட்டிப்போனான். திருக்கழுக்குன்றம் தாண்டி உள்ளே ஒரு கிராமம். மலையைக் காட்டி, "முன்னல்லாம் தெனம் ரெண்டு கழுகு வரும். இப்ப வர்றதில்ல" என்றான். பேச வேறு ஒன்றும் அகப்படவில்லை. வீட்டு முன்னால் வண்டியை நிறுத்தி, தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் எச்சரித்தான்: கையெடுத்துக் கும்பிடு, உட்கார், நோ டாக்கிங்.

வாத்தியார் தலையசைத்தார். இகென்னா ஆட்டோவை விட்டு இறங்கினான், அதற்கு மேல் கால் நகரவில்லை. அங்கேயே நின்றுகொண்டான்.

கருமாதி இன்னும் ஆகாத வீடு. மாலை போட்ட போட்டோ. அதன் கீழே சுவரில் சாய்ந்திருந்தாள் மோகனின் அம்மா முனியம்மா. மோகனின் அண்ணன் ஜெகதீசன் கதவோரம் நின்றான். வாத்தியார் கும்பிட்டார். ஒருவரும் 'வாங்க' என்று சொல்லவில்லை. சாவு வீட்டில் யாரையும் வாங்க என்று கூப்பிடமாட்டார்கள், போகிறவர்களும் சொல்லிக்கொள்ளாமல் எழுந்து போய்விடுவார்கள். கைக்குழந்தைக்கும் தெரிந்த வழக்கம் என்பதால் அதை அவருக்குச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

பாயில் உட்கார்ந்தார். அந்தச் சொல்லுக்காகக் காத்திருந்தார். முனியம்மா அவரைப் பார்த்தாள், போட்டோவைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள். சொம்பில் தண்ணீர் வந்தது, சொல் வரவில்லை. எத்தனையோ வீடுகளுக்குச் சமாதானம் வாங்கிக் கொடுத்தவருக்குத் தன் பிள்ளைக்கு வாங்க முடியவில்லை. கதவு சாத்தப்பட்டதென்று தெரிந்துகொண்டு எழுந்தார்.

ஆனாலும் வாத்தியார் இல்லையா, படித்த பாடத்தை ஒப்பிக்காமல் போக மனம் வரவில்லை. முனியம்மாவுக்கு எதிரே குனிந்து கைகூப்பி, ஒவ்வொரு எழுத்தாக, தெளிவாகச் சொன்னார்.

"போ-யிட்டு வ-ரேன்."

மூலையில் உட்கார்ந்திருந்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

"இன்னாய்யா சொல்ற? இன்னொரு சாவுக்கு வரேன்றியா?" ஜெகதீசன் பாய்ந்து வந்தான்.

கலையரசன் தலையில் அடித்துக்கொண்டு குறுக்கே விழுந்தான். "அண்ணாத்த, அண்ணாத்த, அவருக்குத் தெரியாது! சார், சாவு வூட்ல அது பேடு வேர்டு! நோ சே!"

வாத்தியாருக்கு விஷயம் புரிந்தது. கூப்பிய கையை இறக்காமல் ஜெகதீசன் பக்கம் திரும்பினார். வாழ்நாளில் ஒரு வாக்கியத்தை இப்படி இடம் தப்பி அவர் வைத்ததில்லை.

"வுடு அவர" என்றாள் முனியம்மா. அவ்வளவு நேரம் கழித்து வந்த முதல் பேச்சு. ஜெகதீசன் நின்றான்.

"அன்னிக்கு மோகனும் அதத்தான் சொல்லிட்டுப் போனான். கஞ்சி குடிச்சிட்டு, சாவி எடுத்துகினு, போயிட்டு வரேம்மான்னான்." புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தாள். "வரல. சொன்னதுக்கு இவராவது வரட்டும்."

முனியம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து வாசலுக்கு வந்தாள். ஆட்டோவுக்குப் பக்கத்தில் உயரமாக, தலை கவிழ்ந்து நின்றிருந்தவனைப் பார்த்தாள்.

"அந்தப் புள்ளயா?"

"ஆமாம்மா" என்றான் கலையரசன்.

அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. வழக்கம் எல்லோரையும் விட அவளுக்கு நன்றாகத் தெரியும்.

"வா நைனா" என்றாள். "உள்ள வா."

யாரும் மொழிபெயர்க்காமலே வாத்தியாருக்குப் புரிந்தது. இகென்னா குனிந்து செருப்பைக் கழற்றினான்.