பூட்டுக்காரருக்குக் கிடைத்த பாராட்டு

பூட்டுக்காரர் கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார். கைராசிக்காரர்தான், எந்தப் பூட்டும் அவரிடம் நெடுநேரம் முரண்டு பிடிக்காது. ஆனால் கடை இருந்ததோ சந்துக்குள், மருந்துக்கடையின் முதுகுப்புறம். சாவியைத் தொலைத்தவன் தெருத்தெருவாகவா அலைவான்? வாசலில் நின்றபடியே போனில் தேடுவான். அதில் ஊரிலுள்ள பூட்டுக்கடைகளெல்லாம் வரிசைகட்டி நிற்கும், இவர் கடையைத் தவிர.

"இந்த மாசம் பாரு. தேறலேன்னா கடையை மூடிட்டு என் குடோனுக்கு வந்துடு" என்று அண்ணன் சொல்லிவிட்டார். அண்ணன் கெட்டவரில்லை. ஆனால் அவருக்குக் கீழே நாள் முழுக்கப் பெட்டி அடுக்குவதை நினைத்தாலே பூட்டுக்காரருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

விளம்பரக் கம்பெனியில் வேலை பார்க்கும் கொழுந்தியாள் ஒருநாள் கடைக்கு வந்து உட்கார்ந்தாள். கடையைப் போன் மேப்பில் ஏற்றினாள். சந்து திரும்பும் இடத்தைப் படமெடுத்துப் போட்டாள். கதவை உடைக்காமல் பூட்டுத் திறக்கப்படும் என்று எழுதினாள்.

"இது மட்டும் போதாது மாமா. உங்ககிட்ட வேலை குடுத்தவங்க அதுல நாலு வார்த்தை எழுதணும். அப்பத்தான் தேடறப்ப உங்க கடை மேல வரும்."

இதைக் காதில் வாங்கிய மனைவி சும்மா இருப்பாளா? ஞாயிற்றுக்கிழமை அம்மா வீட்டில் சொந்தபந்தம் கூடியிருந்தபோது எல்லாரையும் பிடித்து உட்காரவைத்து எழுத வைத்துவிட்டாள். காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு அல்லவா; அத்தனையும் ஐந்து நட்சத்திரம். 'மாப்பிள்ளை தங்கம், நேரத்துக்குச் சாப்பிடத்தான் மாட்டார்' என்று மாமியார். 'அத்தான் குடும்பத்துக்காக உயிரையே கொடுப்பார்' என்று மச்சான். பூட்டைப் பற்றி மட்டும் ஒரு சொல் கிடையாது.

எழுதியதெல்லாம் ஒரே வீட்டிலிருந்து, ஒரே மதியத்தில். இரண்டே நாளில் எல்லாம் காணாமல் போயின.

கொழுந்தியாள் தலையில் அடித்துக்கொண்டாள். "அக்கா, இது என்ன கல்யாணத்துக்கு மாப்பிள்ளை பார்க்கறதா? போலின்னு மேப்காரங்க தூக்கிட்டாங்க. உங்கள்ல யாருக்காவது இவர் ஒரு பூட்டாவது திறந்து குடுத்திருக்காரா?"

யாருக்கும் இல்லை.

அந்த வாரம் அண்ணனுடைய குடோன் ஷட்டரின் பூட்டு சிக்கிக்கொண்டது. வெளியே சரக்கு லாரி காத்து நிற்கிறது. வந்து பார்த்த இரண்டு பேரும் அறுத்துத்தான் எடுக்க வேண்டும் என்று கைவிரித்துவிட்டார்கள். வேறு வழியில்லாமல் தம்பியைக் கூப்பிட்டார். பூட்டுக்காரர் மண்டியிட்டு, காதைப் பூட்டோடு ஒட்டி வைத்து, மெல்லிய கம்பியைப் பொறுமையாக உள்ளே விட்டார். பூட்டு திறந்துகொண்டது. ஷட்டரில் ஒரு கீறல் இல்லை.

"மழைத்தண்ணி இறங்கியிருக்குண்ணே. மேல ஒரு மூடி போட்டுடுங்க."

அண்ணன் "ம்" என்றார். அவ்வளவுதான். லாரிக்காரனிடம் பேசப் போய்விட்டார். வாய் நிறைய ஒரு வார்த்தை சொன்னால் என்ன குறைந்துவிடும் என்று பூட்டுக்காரருக்கு வலித்தது. மாதம் வேறு முடியப்போகிறது.

சில நாள் கழித்து ஒரு பெண் பதறியடித்து போன் செய்தாள். கைக்குழந்தை உள்ளே தூங்குகிறது, கதவு தானாகச் சாத்திப் பூட்டிக்கொண்டது. பூட்டுக்காரர் ஓடிப்போய்த் திறந்துகொடுத்தார். குழந்தை விழிக்கக்கூட இல்லை. அவளுக்கு மூச்சு வந்த பிறகு கேட்டார்.

"என் கடை எப்படிம்மா தெரிஞ்சுது?"

"தேடினதும் வந்துச்சே. ஒருத்தர் எழுதியிருந்ததைப் படிச்சேன், உடனே கூப்பிட்டுட்டேன்" என்று போனை நீட்டினாள்.

'குடோன் பூட்டு சிக்கி, லாரியோடு நின்றேன். இரண்டு பேர் அறுக்கச் சொன்னார்கள். இவர் கீறல் விழாமல் திறந்தார். ஏன் சிக்கியது என்றும் சொன்னார். இப்படிப்பட்ட ஆளைப் பெட்டி தூக்கக் கூப்பிட்டேன், என் புத்தியைச் சொல்ல வேண்டும்.'

பூட்டுக்காரருக்கு எழுத்து மங்கிப்போனது. கண்ணைத் துடைத்துக்கொண்டு படியிறங்கி, அண்ணனுக்கு போன் போட்டார்.

"அண்ணே, நான் குடோனுக்கு வரலண்ணே."

"உன்னை யாருடா கூப்பிட்டது? வேலையைப் பாரு போ" என்று அண்ணன் போனை வைத்தார்.