சரஸ்வதியம்மாளின் காது

"ராவுத்தரே, வைரம் வந்தா ஆத்துக்கு ஐசுவரியம் வரும்னு அம்மா சொல்றா. ஒங்க பையிலே இத்தனை வைரம் இருக்கே, ஒங்க சைக்கிளுக்கு ஏன் ஒரு மணிகூட இல்லே?"

கேட்டது பாகீரதியின் கடைசிப் பெண் குஞ்சுலு. வயது ஆறு. பாகீரதி அவள் தொடையில் ஒரு கிள்ளு வைத்தாள். அப்பாஸ் ராவுத்தர் மட்டும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

"மணி இருந்தா நான் வரது முன்னாடியே தெரிஞ்சுரும் பாப்பா. உங்கம்மா கதவைச் சாத்திருவாங்க."

எழுபத்து நாலாம் வருஷம் ஐப்பசி மாதம். கல்பாத்தியில் தேர்த் திருவிழாவுக்கு முன்னால் வீடுகளுக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தார்கள். பாகீரதியின் மூத்த பெண் தைலாவுக்குத் தையில் கல்யாணம். அவளுக்கு ஏழு கல் வைரத் தோடு வாங்க வேண்டும். அந்தத் தெருவுக்கு வைரம் கொண்டுவருவது அப்பாஸ் ராவுத்தர்தான். அவருக்கு முன்னால் அவருடைய வாப்பா கொண்டுவந்தார்.

ராவுத்தர் காகிதப் பொட்டலத்தைப் பிரித்து, கற்களை வெள்ளைத் துணியில் பரப்பினார். லென்ஸை நீட்டினார்.

"பாத்துக்குங்கம்மா. இந்த ஒரு கல்லுல மட்டும் ஓரத்துல பஞ்சு இழை மாதிரி வெள்ளையா ஒண்ணு இருக்குங்க. கட்டினா மறைஞ்சுரும். மறைஞ்சாலும் இருக்கிறது இருக்கிறதுதான். அதுக்குத் தக்கன விலையில கழிச்சிருக்கேன்."

பாகீரதி லென்ஸைத் தொடவில்லை. "குஞ்சுலு, ஓடிப்போய் சரஸ்வதி மாமியைக் கூட்டிண்டு வா" என்றாள்.

கல்பாத்தியில் வைரம் வாங்குகிறவர்கள் லென்ஸை நம்புவதில்லை. சரஸ்வதியம்மாளின் காதைத்தான் நம்புவார்கள். அவள் போட்டிருக்கும் தோடு ராவுத்தரின் வாப்பா கொடுத்தது. புதுக் கல்லை அதன் பக்கத்தில் பிடித்துப் பார்ப்பார்கள். ஈடு கொடுத்தால் நல்ல கல். கொடுக்காவிட்டால் திரும்பிப் போகும். அந்தத் தெருவில் சரஸ்வதியம்மாள் குடித்த காப்பியில் பாதி அவளுடைய காதுக்காகக் கிடைத்ததுதான்.

அந்தக் காதில் இருப்பது வைரமே அல்ல என்பது உலகத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும்.

மூன்று வருஷத்துக்கு முன்னால், மூணாறு எஸ்டேட் ஃபாக்டரியில் தேயிலை அரைக்கும் உருளையில் அவள் தம்பியின் கை மாட்டிக்கொண்டது. கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் கிடந்தான். அவள் கணவர் பரசு ஐயருக்கும் தம்பிக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. சரஸ்வதியம்மாள் ஒருவரிடமும் சொல்லாமல் தோட்டை ராவுத்தரிடம் கொண்டுபோனாள். அவர் வைரங்களை எடுத்துக்கொண்டு அதற்குரிய விலையைக் கொடுத்தார். அதே தங்கக் கட்டுக்குள், அதே அளவில், தன் கையாலேயே வைரம்போல மின்னும் மலிவான ஜிர்கான் கற்களைப் பதித்தும் கொடுத்தார்.

"பாக்க ராஜா மாதிரி இருக்குங்கம்மா. வைரத்தைவிட ஜாஸ்தியாக் கண்ணடிக்கும். அதுதான் இதோட குத்தம்" என்றார். அதற்குப் பிறகு அதைப் பற்றி அவர் வாயைத் திறந்ததில்லை.

போன வருஷம் இரண்டு வீட்டில் ராவுத்தரின் நல்ல வைரம் மங்கல் என்று திரும்பிப் போயிற்று. இரண்டு வீட்டிலும் பக்கத்தில் பிடித்தது இந்தக் காதைத்தான். சரஸ்வதியம்மாள் ஊமையாக நின்றாள். ராவுத்தரும் ஊமையாகவே பொட்டலத்தை மடித்துக்கொண்டு போனார்.

இப்போது அவள் வந்து ஜன்னலோரம் நின்றாள். பாகீரதி கல்லை இடுக்கியில் பிடித்து அவள் காதோரம் கொண்டுபோனாள்.

"சித்தே திரும்புடி. ஐயே! ஒன் காதுலே மத்தாப்பு கொளுத்தின மாதிரி இருக்கு. இது என்னமோ அமாவாசை விளக்காட்டம் முழிக்கறதே."

"நல்ல வைரம் முதல்ல வெள்ளையா வெளிச்சம் விடுங்கம்மா. ஆட்டினா அப்புறம்தான் வர்ணம் காட்டும்" என்றார் ராவுத்தர். "வேணும்னா ஊதிப் பாருங்க. வைரத்துல மூச்சு தங்காது. வேற கல்லுன்னா ஆவி படிஞ்சு நிக்கும்."

பாகீரதி ஊதினாள். ஆவி படிந்த மாதிரி இருந்தது, உடனே மறைந்துவிட்டது. அவளுக்கு விளையாட்டு பிடித்துப்போயிற்று.

"நன்னாருக்கே! இனி சரஸ்வதி தோட்டுலேயும் ஊதிப் பாக்கலாம். காதைக் காட்டுடி."

சரஸ்வதியம்மாள் ஜன்னல் பக்கம் ஒதுங்கினாள். பாகீரதி உதட்டைக் குவித்துக்கொண்டு நெருங்கினாள்.

"ஊதக் கூடாதுங்க!" ராவுத்தர் போட்ட சத்தத்தில் குஞ்சுலு துள்ளி விழுந்தாள். "தாலி கட்டினவங்க காதுல போட்டிருக்கிற கல்லுல அடுத்தவங்க மூச்சு படக் கூடாதுங்க. காதுவலி வரும்."

"எந்த சாஸ்திரத்துலே?"

"எங்க கடை சாஸ்திரத்துலங்க."

ஐந்து வேளைத் தொழுகை தவறாத மனிதர். பொய் சொல்லிப் பழக்கமில்லாததால் காதுமடல் வரை சிவந்துவிட்டார். வாய்க்குள் என்னவோ முணுமுணுத்தார். மன்னிப்புக் கேட்டிருப்பார்.

"ராவுத்தரே, எனக்குப் புரிஞ்சுபோச்சு" என்றாள் பாகீரதி. "அவளுக்கு ஒங்க வாப்பா குடுத்தது நல்ல கல். எனக்கு நீங்கோ கொண்டுவந்தது கழிசல். அதானே?"

ஒரே ஒரு வாக்கியத்தில் அவர் தன்னைக் காப்பாற்றிக்கொண்டிருக்கலாம். "அப்படி இல்லீங்க" என்று மட்டும் சொன்னார்.

"கல் இன்னிக்கு பூஜை அறையிலே இருக்கட்டும். நாளைக்குக் காலம்பற நாலு பேரை வச்சுண்டு பாக்கறேன். அப்பவும் இப்படியே இருந்தா, இந்தத் தெருவுக்குள்ளே இனி ஒங்க சைக்கிள் வர வேண்டாம்."

பாகீரதி வாயால் சொன்னால் அது நாலு தெருவும் சொன்ன மாதிரி. ராவுத்தர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே போனதை சரஸ்வதியம்மாள் பார்த்துக்கொண்டு நின்றாள். ஏறி மிதிக்கக்கூட அவருக்குத் தெம்பில்லை போலிருந்தது.

மறுநாள் விடிகிற நேரத்தில், பரசு ஐயர் ஆற்றுக்குக் குளிக்கப் போன பிறகு, அவள் அடுக்களையில் உட்கார்ந்து தோட்டைக் கழற்றினாள். உள்ளங்கையில் நல்லெண்ணெய் விட்டுக்கொண்டாள். அவசரத்தில் கை விபூதிச் சம்புடத்துக்குப் போயிற்று. சட்டென்று இழுத்துக்கொண்டாள். இந்தக் காரியத்துக்கு அடுப்புச் சாம்பலே போதும். சாம்பலைக் குழைத்து, திரியின் முனையால் ஒவ்வொரு கல்லின் முன்னும் பின்னும் தடவித் துடைத்தாள். அழுக்கு தெரியக் கூடாது, பளபளப்பும் தெரியக் கூடாது. சமையலில்கூட அவள் இத்தனை பக்குவம் பார்த்ததில்லை.

"விசாலாட்சி, இது பொய்யா மெய்யான்னு நீயே பாத்துக்கோ. எனக்குத் தெரியலே" என்று கோயில் இருந்த திக்கைப் பார்த்து அம்மனிடம் சொல்லிவிட்டுத் தோட்டை மாட்டிக்கொண்டாள்.

காலையில் பாகீரதியின் ஜன்னலோரம் நாலு மாமிகள் கூடியிருந்தார்கள். ராவுத்தர் தள்ளி நின்றார். பாகீரதி கல்லைக் காதோரம் பிடித்தாள். பிடித்தவள் வாயைப் பிளந்தாள்.

"என்னடி இது! ஒன் தோடு கஞ்சிப் பருக்கை ஒட்டின மாதிரின்னா இருக்கு!"

"அப்படியா அக்கா? நேத்து வெயில் பட்டிருக்கும்."

"வெயிலாம் வெயில்! இத்தனை வருஷமா இந்தக் காதை நம்பிண்டு நாங்க எல்லாரும் அசடாயிருக்கோம். தைலா கல்லைப் பாருங்கோடி, எப்படி எடுத்துக் காட்டறதுன்னு!"

நாலு மாமிகளும் பார்த்தார்கள். ஒருத்தி, "எனக்கு அப்பவே சந்தேகம்தான்" என்றாள். சரஸ்வதியம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள். வெட்கம் என்று அவர்கள் நினைத்தார்கள். சிரிப்பும் கொஞ்சம் இருந்தது.

"கல்லை எடுத்துக்கறேன் ராவுத்தரே."

"அந்த ஒரு கல்லுல ஓரத்துல பஞ்சு இழை மாதிரி..."

"வாயை மூடுங்கோ! வாங்கறவளை வெரட்டற வியாபாரியை இப்பத்தான் பாக்கறேன். பெரியாத்துக்காராளும் மார்கழியிலே பாக்கணும்னா. அவாளுக்கும் கொண்டு வாங்கோ."

ராவுத்தர் சரஸ்வதியம்மாளின் காதைப் பார்த்தார். கல்லோடு வளர்ந்த கண். ஒரு பார்வை போதும்.

"குடுங்கம்மா" என்றார் மெதுவாக. "அஞ்சு நிமிஷத்துல கழுவிப் பழையபடி ஆக்கித் தரேன்."

"வேண்டாம் ராவுத்தரே. நானே ஆத்துலே கழுவிக்கறேன்."

அன்றைக்கு அவளுக்குக் காப்பி கொடுக்கப் பாகீரதி மறந்துவிட்டாள்.

வீட்டில் யாரும் இல்லை. பரசு ஐயர் கோயிலுக்குப் போயிருந்தார். சரஸ்வதியம்மாள் கொல்லைப்புறத்தில் பூந்திக்கொட்டை ஊறிய தண்ணீரும் பழைய பிரஷுமாக உட்கார்ந்தாள். கழுவத்தான் நினைத்தாள். நடுக்கல்லை ஒருமுறை தேய்த்ததும் அது வெயிலில் குபீரென்று எரிந்தது. எத்தனை அழகு! இந்த வெளிச்சத்தைப் போட்டுக்கொண்டு தேர் பார்க்கப் போனால் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள்.

மார்கழியில் பெரிய வீட்டுக்காரர்கள் கல் பார்க்கப் போகிறார்கள். அதற்கப்புறம் இன்னொரு வீடு.

அவள் எழுந்துபோய் எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்து வந்தாள். எரிந்துகொண்டிருந்த அந்த ஒரு கல்லின் மேல் விரலை வைத்துத் தேய்த்து அணைத்தாள். தோட்டைக் காதில் போட்டுத் திருகாணியை முடுக்கினாள். பூந்திக்கொட்டைத் தண்ணீரை வாழையடியில் கொட்டினாள். பரசு ஐயர் வருவதற்குள் நுரை வற்றிப்போயிற்று.