தொழில் என்ற கட்டம்

அவளுடைய முதுகெலும்பின் கீழ்ப்பகுதியில் அடுத்தடுத்த இரண்டு எலும்புகளை ஏதோ ஒரு கிருமி அரித்திருந்தது. எந்தக் கிருமி என்றுதான் தெரியவில்லை. ஊசி விட்டு எடுத்த சீழில் பத்து நாளாகியும் எதுவும் வளரவில்லை.

"டி.பி.யாத்தான் இருக்கும். ஒரு வருஷம் மாத்திரை. இன்னைக்கே ஆரம்பிச்சிடலாம்" என்றார் டாக்டர்.

"டெஸ்ட்ல டி.பி. இல்லைன்னு வந்துச்சே?" படுத்தபடியே அவள் கேட்டாள்.

"சில சமயம் அப்படிக் காட்டும். முதுகுல வர்றது பெரும்பாலும் அதாம்மா."

"உங்க 'பெரும்பாலும்'க்கு நான் ஒரு வருஷம் முழுங்கணுமா?"

"தள்ளிப்போட்டா கால் விளங்காமப் போயிடும்."

தம்பி கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டான். "அக்கா, ஊர்ச் சண்டையெல்லாம் எழுந்து நடந்தப்புறம் போடு. இப்ப முழுங்கு."

"கால் என்னோடதுடா. அந்த ஆஸ்பத்திரி அட்டையில என்னைப் பத்தி என்ன எழுதியிருக்கு, படி."

அவன் படித்தான். வயது நாற்பத்தாறு. மூன்று மாத முதுகுவலி, மாலைக் காய்ச்சல். தொழில்: இல்லத்தரசி.

"யாரு இதை எழுதினது?"

வார்டு மேசையிலிருந்த எழுத்தர் நிமிரவில்லை. "பொம்பளைங்கன்னா அதாம்மா போடுவோம். வரிசை நகரணும்ல."

"நான் வீட்டுல இருக்கிறதே தூங்குற நேரம் மட்டும்தான். பதினாலு பசு வச்சிருக்கேன். ஒவ்வொரு கன்னும் என் கையிலதான் விழுந்திருக்கு."

டாக்டர் எழுதுவதை நிறுத்தினார். "சமீபத்துல எதாவது குறைமாசத்துல போட்டுச்சா?"

"மூணு. செத்தே விழுந்துச்சு. நஞ்சுக்கொடிய வெறுங்கையாலதான் இழுத்தேன்."

"இதை ஏம்மா முன்னாடியே சொல்லல?"

"யாரு கேட்டீங்க?"

அன்றே வேறொரு சோதனைக்கு ரத்தம் போனது. இரண்டாம் நாள் விடை வந்தது: மாட்டிடமிருந்து மனிதருக்குத் தொற்றும் கிருமி. மருந்து வேறு. மூன்று மாதத்துக்குக் குறையாமல் மாத்திரை, முதல் சில வாரங்கள் தினம் ஓர் ஊசி. மாடுகளையும் சோதிக்க வேண்டும் என்றார் டாக்டர், இந்த முறை நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து.

நர்ஸ் ஊசியோடு வந்தபோது அவள் கையை நீட்டவில்லை.

"முதல்ல அட்டையைத் திருத்தச் சொல்லுங்க."

"அதான் கண்டுபிடிச்சாச்சே, இன்னும் எதுக்குக்கா?" என்றான் தம்பி.

"நாளைக்கு நான் எங்க போனாலும் எனக்கு முன்னாடி அதுதானேடா போகுது."

எழுத்தர் பேனாவைத் தேடினார். "என்னன்னு போட? மாடு மேய்க்கிறதுன்னா?"

"பால் பண்ணை. சொந்தமா. அந்த 'சொந்தமா'வையும் போடுங்க."

அடித்து எழுதிய கட்டத்தைத் தம்பி படித்துக் காட்டிய பிறகே கையை நீட்டினாள்.

பக்கத்துக் கட்டில் பெண் முழங்கையை ஊன்றித் தலையைத் தூக்கினாள். "ஐயா, எனக்கு என்ன போட்டிருக்கீங்க?"