திரும்ப இடம் தேடிய தெரு

நகராட்சி ஒப்புதல் தந்த நாளில் அந்தப் புதிய மனைப்பிரிவின் ஏழாவது தெரு நானூற்று எண்பது அடி நீளம் இருந்தது. எட்டு மாதம் கழிந்தபோது பதினோரு மைல் ஆகியிருந்தது. மறுமுனையில் வழியில்லாத முட்டுத் தெரு ஐந்நூறு அடிக்கு மேல் போகக் கூடாது என்பது வடிவமைப்பு விதி. அந்த விதியைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் பிரிவு எண்ணோடு ஒப்பிக்கக்கூடியவர், வரைபடங்களைச் சரிபார்க்கும் அலுவலர். அவருக்கு ஊரெல்லாம் 'அங்குலம்' என்றுதான் பெயர். நடைபாதை கால் அங்குலம் குறைந்தது என்று ஒரு மனைப்பிரிவையே ஏழு முறை திருப்பி அனுப்பியவர். பூங்காவுக்கு விட்ட இடத்தில் முயல் படுத்தால் வால் வெளியே நீட்டும் என்று கோப்பில் எழுதியவர். அப்படிப்பட்டவர் அறுபத்தொரு விதிகளுக்கும் பச்சை மையில் சரி போட்டு ஒப்புதல் தந்த தெருதான் இப்படி நடந்துகொண்டது.

கொடுமை என்னவென்றால், அந்தத் தெருவின் கடைசி வீட்டில் குடியிருந்தது அவருடைய ஒரே மகள். மாப்பிள்ளை மனை தேடி அலைந்தபோது, வரைபடத்தில் விரல் வைத்து அந்த மனையைக் காட்டியவரும் இவர்தான். குடிபோன அன்று கட்டிலும் பீரோவும் ஏற்றிக்கொண்டு லாரி உள்ளே போனது. தெருமுனையில் திரும்ப இடமில்லாமல் முன்னும் பின்னுமாக நாற்பது முறை முக்கி முனகி, கடைசியில் பின்புறமாகவே வெளியேறியது. மறுநாள் காலையில் தெரு இருபத்திரண்டு அடி நீண்டிருந்தது. வளர்ந்ததெல்லாம் கடைசி வீட்டுக்கும் அதற்கு முந்தின வீட்டுக்கும் நடுவில்தான். தெரு தன் மூக்கால் மகளின் வீட்டைத் தள்ளிக்கொண்டே போயிற்று. மூன்றாம் மாதத்தில் பால்காரர் பாலோடு கிளம்பினால் போய்ச் சேரும்போது தயிராக இருந்தது. ஐந்தாம் மாதத்தில் தபால்காரர் சவரம் செய்துகொண்டு உள்ளே போய்த் தாடியோடு வெளியே வந்தார். பக்கத்து வீடாக இருந்து தொலைதூர வீடாகிப்போன அம்மாள் மாப்பிள்ளையிடம், "உங்க மாமனார் அங்குலம் அங்குலமா பாக்கறவராச்சே தம்பி, மைல் கணக்குல கோட்டை விட்டுட்டாரே!" என்று சிரித்தார். அவர் சிரித்து முடிப்பதற்குள் தெரு இன்னும் ஒரு முழம் போயிருந்தது.

அங்குலம் அசரவில்லை. முதலில் நாடா இழுபட்டுவிட்டது என்றார். புது நாடா வந்ததும் வெயிலில் தரை விரிகிறது என்றார். பிறகு மூல வரைபடத்தை எடுத்து விரித்தார். முட்டுத் தெருவின் முனையில் வண்டிகள் திரும்ப நாற்பதடி ஆரத்தில் ஒரு வட்டம் வேண்டும் என்பது முப்பத்து நாலாம் விதி. வரைபடத்தில் வட்டம் இருந்தது. அளவுகோல் வைத்துப் பார்த்தார். ஒரு அங்குலத்துக்கு நாற்பதடி கணக்கில் ஆரம் சரியாக ஒரு அங்குலம். தெருக்களைப் பழுப்பு மையில் வரைவது அந்த அலுவலகத்து வழக்கம். வட்டமும் பழுப்பாகத்தான் இருந்தது. தரையில்தான் அது இல்லை. உடனே மனைப்பிரிவு போட்ட காண்ட்ராக்டருக்கு நோட்டீஸ் பறந்தது. "என் நகல்ல வட்டமே இல்ல சார், சத்தியமா இல்ல" என்று அந்த மனிதர் தலையில் அடித்துக்கொண்டார். "கண்ணுக்குத் தெரியலைன்னா கண்ணாடி போடுங்க" என்று அங்குலம் கதவைக் காட்டினார்.

மகளுக்கு அப்போது எட்டாம் மாதம். குழந்தை குறுக்கே கிடக்கிறது, இன்னும் தலை கீழே திரும்பவில்லை, வலி கண்டால் இரண்டு மணி நேரத்துக்குள் ஆஸ்பத்திரிக்கு வந்துவிட வேண்டும் என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அடுத்த வெள்ளிக்கிழமை அப்பா வீட்டுக்கு வந்துவிடுவதாக ஏற்பாடு. ஆனால் திங்கட்கிழமை காலை பத்து மணிக்கே அலுவலகத்துத் தொலைபேசி அடித்தது. "மாமா, அவளுக்கு வலி எடுத்திடுச்சு. ஆம்புலன்ஸுக்குச் சொல்லிட்டேன். இன்னும் காணோம்" என்றார் மாப்பிள்ளை. அந்தக் குரலுக்குப் பின்னால் மகள் பல்லைக் கடிக்கும் சத்தம் பதினோரு மைல் தாண்டிக் கேட்டது.

பத்தே முக்காலுக்கு ஆம்புலன்ஸ் ஓட்டுநர் மெயின் ரோட்டுக் கடையிலிருந்து பேசினார். "சார், நான் பத்தடி போனா தெரு பன்னெண்டடி போகுது. அரை மணி நேரம் ஓட்டிட்டேன், வீடு புள்ளியாத்தான் தெரியுது. திரும்ப இடமில்லாம ரிவர்ஸ்லயே வந்து மெயின் ரோட்ல நிக்கிறேன். என் கழுத்து இன்னும் நேராகல."

"இன்னும் வேகமாப் போய்யா!"

"வேகமாப் போனா அதுவும் வேகமாப் போகுது சார். விரட்டற மாதிரி நினைச்சுக்குது போல."

அங்குலம் வரைபடத்தை மறுபடி விரித்தார். விரித்த வேகத்தில், குடிக்காமல் வைத்திருந்த டீ தளும்பியது. டம்ளரை எங்கே வைக்கிறோம் என்று பாராமல் காகிதத்தின் மேலேயே வைத்து, ஏழாவது தெருவை விரலால் தொடர்ந்து பார்த்தார். டம்ளரை எடுத்தபோது, பழைய வட்டத்துக்குப் பக்கத்தில் புது வட்டம் ஒன்று ஈரமாக உட்கார்ந்திருந்தது. அதே பழுப்பு. அதே அளவு. அளவுகோலை வைத்தார்: ஒரு அங்குலம், நாற்பதடி. பச்சை மையில் அறுபத்தொரு சரி போட்ட கை அப்படியே மரத்துப்போயிற்று. தெருவுக்குத் திரும்ப இடமே வரையப்படவில்லை. அது எட்டு மாதமாக அந்த இடத்தைத் தேடித்தான் போய்க்கொண்டிருந்தது.

இருபத்தெட்டு வருடத்தில் முதல்முறையாக அவர் ஆணையரின் அறைக்குள் அனுமதி கேட்காமல் நுழைந்தார். ஆணையரும், நோட்டீஸுக்குப் பதில் கொண்டுவந்திருந்த காண்ட்ராக்டரும் அவரையும் அவர் கையிலிருந்த வரைபடத்தையும் பார்த்தார்கள்.

"இது வட்டம் இல்ல சார். டீக் கறை."

"அப்போ நீங்க அளந்தது?"

"கறையைத்தான் சார்."

ஆணையர் வரைபடத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "ஆரம் சரியா இருந்துதா?" என்றார்.

"துல்லியமா நாற்பதடி."

காண்ட்ராக்டர் நியாயமாகச் சிரித்திருக்கலாம், சிரிக்கவில்லை. தன் சட்டைப்பையிலிருந்த பேனாவை எடுத்து நீட்டி, "திருத்தம் போடுங்க சார், நான் சாட்சிக் கையெழுத்துப் போடறேன்" என்றார்.

திருத்தம் போட விதியில் வழி இருந்தது. தெருவின் கடைசி மனையில் வட்டம் வரைய வேண்டும். மனைக்காரர் சம்மதிக்க வேண்டும். வட்டம் போட்டால் மகளின் முற்றம் போகும், கூடம் போகும், சமையலறை போகும். அவர் தொலைபேசியை எடுத்தார். மணி பதினொன்று நாற்பது. போகப்போவதை ஒவ்வொன்றாக எண்ணிச் சொன்னார்.

"எந்த ரூம்ப்பா மிஞ்சும்?" என்றாள் மகள்.

"படுக்கையறை மட்டும்தாம்மா."

"நான் அதுலதான் படுத்திருக்கேன். வரைங்க."

கவராயத்தின் முள்ளைக் காகிதத்தில் ஊன்றினார். அந்த அளவில் பென்சில் கோட்டின் பருமனே தரையில் அரையடி. கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே இருப்பது இரண்டடி. ஒரு நூல் நழுவினால் சுவரோடு கட்டிலும் போய்விடும். ஆணையர் மின்விசிறியை நிறுத்தினார். காண்ட்ராக்டர் மூச்சை நிறுத்தினார். அங்குலம் கண்ணை இமைக்காமல் ஒரே சுற்றாகச் சுற்றினார். கோடு கிளம்பிய இடத்துக்கே வந்து முட்டியது.

பதினோரு மைலுக்கு அப்பால், அடுப்பில் வெந்நீர் வைத்திருந்த மாப்பிள்ளை, கையில் பாத்திரத்தோடு நடுத்தெருவில் நின்றார். சமையலறை தூசி கிளப்பாமல், ஒரு தட்டைக்கூட உடைக்காமல் விலகியிருந்தது. கூடமும் அதன் பின்னே போயிற்று. தெரு கொஞ்ச நேரம் நம்பாமல் நின்றது. பிறகு வட்டத்துக்குள் மெல்ல மூக்கை நுழைத்து, பெருமூச்சு விட்டுத் திரும்பியது. வீடுகள், மதில்கள், கொடியில் காய்ந்த துணிகள், பாதி முகம் சவரம் செய்த ஒருவர், எல்லாம் கூடவே திரும்பின. போகும்போது எட்டு மாதம் எடுத்துக்கொண்ட தெரு, வரும்போது ஒன்பது நிமிடத்தில் வந்து சேர்ந்தது. படுக்கையறை மெயின் ரோட்டில் ஆம்புலன்ஸின் பின்கதவுக்கு நேராக, ஒரு குலுக்கல் இல்லாமல் நின்றது. ஓட்டுநர் கழுத்தைத் தடவியபடி இறங்கி, "ஏறுங்கம்மா" என்றார்.

டாக்டரம்மா கத்தியோடு தயாராக இருந்தார். வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டுக் கத்தியை வைத்துவிட்டார். குழந்தையும் திரும்பியிருந்தது. மத்தியானம் ஒன்றரைக்குப் பெண் பிறந்தாள். தலைதான் முதலில் வந்தது. நகராட்சி அங்குலத்துக்கு ஒரே உறைக்குள் இரண்டு கடிதம் அனுப்பியது: கறையை அளந்ததற்கு விளக்கம் கேட்டு ஒன்று, ஆரம் பிசகாமல் வரைந்ததற்குப் பாராட்டி ஒன்று. காண்ட்ராக்டரின் நோட்டீஸ் ரத்தாயிற்று.

அதன்பின் தெரு நானூற்று எண்பது அடிக்கு மேல் ஒரு அடியும் வளரவில்லை. இடம் இருக்கிற தைரியத்தில் வருடத்துக்கு ஒருமுறை, தோன்றுகிறபோது, திரும்பிக்கொள்கிறது. அன்று மட்டும் தபால்காரர் கதவு எண்களைக் கடைசியிலிருந்து படிப்பார். வடிவமைப்பு விதிகளின் அடுத்த பதிப்பில் அறுபத்திரண்டாம் விதி சேர்ந்தது: தெரு திரும்பும் நேரத்தில் குடியிருப்போர் அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்துகொள்ள வேண்டும். எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள்.